ஊதாப் பெருவிரல்

மே 3, ஞாயிறு

இந்த டயரியில் நான் எழுதப்போவதை ஒரு மனிதப்பிறவியும் நம்பப்போவதில்லை என்று வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன். டயரியை நாசரேத்திலிருந்து அனுப்பியவள் என் அக்காள் மகள் பிரிஸ்கா. முதல் பக்கத்தில், "மாமா, இந்த ஒரு வருஷமாவது புளுகாம எழுதுங்க" என்று பச்சை மையில் எழுதியிருக்கிறாள். பிள்ளை ஆசையாகக் கேட்டிருக்கிறாள். முயற்சி செய்கிறேன்.

நான் ஞானசிகாமணி. சாம்பியா நாட்டில் லுவிம்பி என்கிற செம்புச் சுரங்க ஊரில் முப்பத்தாறு வருஷமாக இருக்கிறேன். முதலில் கணக்கு வாத்தியார். இப்போது சீயோன் போட்டோஸ்டாட்டின் அதிபர், தலைமைப் பொறியாளர், கடையைக் கூட்டிப் பெருக்குகிறவர். ஞாயிறுதோறும் கிருபாசன சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். நான் வாசித்தால் ஆற்று முதலைகள் கரையேறி வந்து மனந்திரும்பும். ஊருக்கெல்லாம் நான் அங்கிள் சிக்கா. இங்குள்ளவர்கள் பேசுவது பெம்பாவும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. நான் அதை எனக்கு வரும் நாசரேத்துத் தமிழில்தான் எழுதுவேன். அவர்கள் வாய்க்கு அது சட்டை தைத்தது போலப் பொருந்துகிறது.

எங்கள் வார்டு கவுன்சிலர் பிப்ரவரியில் காலமானார். ஜூன் 11 இடைத்தேர்தல். இன்று பாஸ்டர் முசோண்டா, அதில் நிற்கும் மாவு மில் முதலாளி கபாசோவை முன்னால் அழைத்து, முழங்காலில் நிறுத்தி, தலையில் எண்ணெய் ஊற்றினார். முக்கால் பாட்டில். அதில் இருபது பேருக்கு வடை சுட்டிருக்கலாம். எண்ணெய் கபாசோவின் கழுத்து வழியாக இறங்கிக் கோட்டு முழுக்க நனைத்து, வாசல் வரை ஓடி, அங்கே ஒரு நாய் வழுக்கி விழுந்தது.

"இது கிறிஸ்தவ நாடு! சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கு! கர்த்தர் தெரிந்துகொண்டவர் மேல யாரும் கை போடாதீங்க!" என்றார் பாஸ்டர்.

சபைக்குக் கூரைத் தகடு, ஸ்பீக்கர், என் கீபோர்டு எல்லாம் கபாசோவின் உபயம். ஆகவே ஆமென் பலமாகத்தான் வந்தது. அடுத்து பாடகர் குழு பாட வேண்டும். குழுத் தலைவி முத்தாலே கையைத் தூக்கவில்லை. நான் கட்டையில் விரல் வைத்துக் காத்திருந்தேன். அரை நிமிஷம். முத்தாலேக்கு இருபத்தாறு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து நாலு வருஷமாக வேலைக் கடிதத்துக்குக் காத்திருந்து, மார்க்கெட்டில் தக்காளி விற்கிறாள். அவள் ஒரு பார்வை பார்த்தால் என் பதினாறு வருஷத்து அனுபவம் தப்புச் சுரம் போட்டுவிடும். கடைசியில் கையைத் தூக்கினாள். பாடினோம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னாள்: "அங்கிள், சவுலுக்கும் எண்ணெய் ஊத்தித்தானே ராஜாவாக்கினாங்க? கடைசியில என்னாச்சு? கர்த்தரே தள்ளிட்டார்லா?"

மே 4, திங்கள்

டோனர் வரவில்லை. ஜெராக்ஸ் எல்லாம் பேய் நிறத்தில் வருகிறது. மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து ஒரு பாட்டில் வாங்கினேன். உடம்பில் புண் எதுவும் இல்லை. வீட்டில் ஒன்று இருப்பது நல்லது.

மே 6, புதன்

பாட்டுப் பயிற்சி. பாட்டு நடக்கவில்லை. நடந்தது உலக மகா யுத்தம்.

முத்தாலே நாற்காலியில் ஏறி நிற்கவில்லை, கண்ணீர் விடவில்லை. தக்காளி விலை சொல்வது போலச் சொன்னாள்: "நான் கவுன்சிலருக்கு நிக்கப் போறேன். சுயேச்சையா."

எட்டுப் பேர் கைதட்டினார்கள். ப்வெம்பியா மட்டும் தட்டவில்லை. அவன் எங்கள் பேஸ் குரல், மினிபஸ்ஸில் கண்டக்டர். அவன் ஆழக் குரலெடுத்தால் மூன்றாம் தெருவில் கோழிகள் முட்டை போடும்.

"அரசியல் சாக்கடை. ரட்சிக்கப்பட்ட பிள்ள எதுக்கு அதுல இறங்கணும்?" என்றான்.

"சாக்கடைன்னு நீயே சொல்லிட்டல்லா. அதுக்குத்தான் நிக்கேன். மார்க்கெட் சாக்கடைக்கு."

யாரும் சிரிக்கவில்லை. போன மழையில் அந்தச் சாக்கடை பொங்கித்தான் காலரா வந்தது. எங்கள் டெனர் பாடகன் சிலுஃப்யா அதில் போனான். அவன் நின்ற இடத்தில் இன்னும் யாரும் நிற்பதில்லை.

"அப்ப மூணு நாள் உபவாச ஜெபம் பண்ணினோமே," என்றான் ப்வெம்பியா.

"பண்ணினோம். நானும் பட்டினி கிடந்தேன். மூணு நாள்ல ஒருத்தராவது மண்வெட்டி எடுத்தோமா?"

"நம்ம குடியுரிமை பரலோகத்துல இருக்கு முத்தாலே. இங்க நாம வழிப்போக்கர்."

"வழிப்போக்கனுக்கும் கக்கூஸ் வேணும்லா?"

ஆல்ட்டோ குரலில் பாடும் ஒல்லியான பிள்ளை ஒன்று, "அதிகாரம் எல்லாம் மேல இருந்து வருதுன்னு பாஸ்டர் சொல்லுதாரே, அப்ப எதுத்து நிக்கது பாவமில்லையா?" என்று கேட்டாள். "மேல இருந்து வந்தா எதுக்குக் கீழ ஓட்டுப்பெட்டி வைக்காங்க?" என்றாள் முத்தாலே. இப்படி ஒன்றரை மணி நேரம். இந்தப் பிள்ளைகளுக்கு அரசியல் கற்றுக் கொடுத்தது கட்சியும் இல்லை, கல்லூரியும் இல்லை. இந்த மூன்றடி பெஞ்சுதான். கூட்டம் நடத்துவது, ஆள் சேர்ப்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுப்பது, பொறுக்காமல் கத்துவது எல்லாம் இங்கே பழகியது.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். மனுத் தாக்கல் 19ஆம் தேதி, செவ்வாய். வார்டில் ஓட்டுரிமை உள்ள ஒன்பது பேர் ஓட்டு அட்டையோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மனு செல்லாது.

விரல் விட்டு எண்ணினாள். கைதட்டிய எட்டுப் பேர். ஒன்பதாவது விரலை என் பக்கம் நீட்டினாள்.

"அங்கிள் சிக்கா. மூணு தேர்தலா உங்க பெருவிரலைப் பாத்திருக்கேன். சபையில உங்க விரல் மாதிரி கருத்த விரல் யாருக்கும் கிடையாது."

"பின்னே!" என்றேன். "நான் முதல் ஓட்டுப் போட்டபோது ஓட்டுப்பெட்டியை யானை சுமந்து வந்தது. யானைக்கும் மை வைத்தார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மே 7, வியாழன்

சொல்லவில்லை.

மே 9, சனி

வேட்டி துவைத்தேன். மக்காச்சோளக் களி கட்டி தட்டிவிட்டது. மாலையில் கல்லறைத் தோட்டத்துக்கு, கிருபையைப் பார்க்கப் போனேன். சாமந்திக்குத் தண்ணீர் விட்டேன். இரண்டு செடி பிழைத்துவிட்டது. கல்லில் பெயரைத் துடைத்தேன். அவள் இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

பிரிஸ்கா புளுக வேண்டாம் என்றாள். சரி. அவள் அத்தை கிருபை கண்மூடிய வருஷம்தான் முதல் "பெருவிரல் ஞாயிறு." இது எங்கள் சபை வழக்கம். தேர்தல் முடிந்த ஞாயிறு காணிக்கைக்கு முன்னால் பாஸ்டர், "ஓட்டுப் போட்டவர்கள் எழும்பி விரலைக் காட்டுங்கள்" என்பார். நல்ல கிறிஸ்தவன் நல்ல குடிமகன் என்று பிரசங்கம். அந்தக் காலையில் எல்லோரும் எழுந்தார்கள், ஒரு காட்டு மரம் முழுக்கக் கரும்பழம் காய்த்த மாதிரி. உட்கார்ந்திருந்தது நான் ஒருவன். பத்து வயதுப் பிள்ளை ஒன்று திரும்பிப் பார்த்து, "அங்கிள், நீங்க நம்ம ஆள் இல்லையா?" என்று கேட்டது. பின்னல் இரண்டும் கொம்பு மாதிரி நின்ற அந்தப் பிள்ளைதான் இன்றைய பாடகர் குழுத் தலைவி. அவளுக்கு அது நினைவில்லை.

அடுத்த தேர்தலில் என் பெருவிரலும் கருத்தது. அதற்கடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். விரலில் காயம் என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். ஊதா மருந்தை இரண்டு தடவை பூசிக் காயவிட்டால் எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாது.

குடியுரிமைக்கு மனுப் போட்டால் என்ன? போடலாம். பத்து வருஷம் இருந்தால் போதும், நான் முப்பத்தாறு இருந்துவிட்டேன். ஆனால் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாசரேத்தில் வீடு விற்றாகிவிட்டது, ஓட்டர் லிஸ்டில் பெயர் அடித்தாகிவிட்டது. அங்கே எனக்கு இருப்பது பிரிஸ்காவும் அந்தச் சின்னப் புத்தகமும். அதையும் கொடுத்துவிட்டால்? இரண்டு தேசத்திலும் ஒரு ஓட்டும் போடாத ஒரே மாமனிதன் என்ற உலக சாதனை என்னிடம்தான் இருக்கிறது. அதை விட மனமில்லை என்று வைத்துக்கொள்.

மே 11, திங்கள்

பாஸ்டர் கடைக்கு வந்தார். அறிவிப்புத் தாள் இருபது பிரதி. தேநீர் குடித்தார். கீபோர்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"முத்தாலே நல்ல பிள்ளை. ஆனா எங்களுக்குக் கூரை போட்டவரை எதுக்குதா. நீங்க சொன்னா கேப்பா சார்."

"நான் சொன்னா என் நாயே கேக்காது பாஸ்டர்."

"அந்த மனுவுல நீங்க கையெழுத்துப் போடறதா கேள்விப்பட்டேன்."

நான் டோனரைக் குலுக்கினேன்.

"உங்க தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க சிபாரிசுக் கடிதம் எழுதறது யாரு? நான்தானே. மூணு தடவை எழுதியிருக்கேன்," என்றார், ரொம்பத் தயவாக. "விரலைப் பத்தி நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்ல. நமக்குள்ள இருக்கட்டும். நீங்களும் அந்தப் பக்கம் சாயாதீங்க."

அப்படியானால் மூன்று தேர்தலிலும் தெரிந்தேதான் அவர் என் விரலைப் பார்த்துப் புன்னகை செய்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்ததா வெட்கம் வந்ததா என்று கேட்காதே. இருபது பிரதிக்குப் பதில் இருபத்தாறு எடுத்துவிட்டேன்.

மே 12, செவ்வாய்

ஆல்ட்டோ பிள்ளைகள் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். அப்பன்மார் இருவருக்கும் கபாசோவின் மில்லில் வேலை. முத்தாலே கோபப்படவில்லை. மார்க்கெட்டில் மீன் விற்கும் இரண்டு பெண்களைப் பிடித்து எண்ணிக்கையைச் சரி செய்துவிட்டாள். அவர்களிடம் ஓட்டு அட்டையை வாங்கிப் பார்த்து நம்பர் எழுதிக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை.

"உங்களைப் போயி கேப்பேனா அங்கிள்!"

வார்டு முழுக்க நடக்கிறாள். கடன் வாங்கிய செருப்பு. இரண்டு குதிகாலும் கடித்துப் புண்ணாகியிருக்கிறது.

மே 14, வியாழன்

இன்று மூன்று முறை சொல்லப் போனேன். முதல் முறை தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில். வாயைத் திறந்தால் என் தாத்தா ஒரு சுறாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதை வந்தது. இரண்டாம் முறை அவள் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது. "முத்தாலே, ஒரு விஷயம்" என்று தொடங்கினேன். "நீங்க இருக்கிற தைரியத்துலதான் அங்கிள் நிக்கேன்," என்றாள். போனது என் வாய். மூன்றாம் முறை அவள் வீட்டு வாசல் வரை போய், அவள் அம்மா கொடுத்த வேர்க்கடலையை ஒரு படி தின்றுவிட்டுத் திரும்பினேன்.

உட்கார முடியவில்லை. கடைக்கும் மார்க்கெட்டுக்கும் பதினோரு தடவை நடந்தேன். செருப்பு தேய்ந்து உயரம் ஒரு அங்குலம் குறைந்துவிட்டேன்.

மே 16, சனி

ப்வெம்பியாவின் மினிபஸ்ஸில் ஏறினேன். பதினான்கு பேர் உட்காரும் வண்டியில் நாற்பது பேர், ஒரு ஆடு. ஆடு என் மடியில். எங்கே போக வேண்டும் என்று கேட்டான். எங்கேயும் இல்லை, உன்னிடம் பேச வேண்டும் என்றேன்.

"ஏல, உன்கிட்ட ஓட்டு அட்டை இருக்கா?"

"இருக்கு. பாஸ்டர் எல்லாரையும் வரிசையில நிக்க வச்சாரே."

"முத்தாலேக்குக் கையெழுத்துப் போடு. ஒரு ஆள் குறையுது."

"ஒன்பது இருக்கே?"

"எட்டுதான்." ஆடு என் சட்டைப் பொத்தானைத் தின்றுகொண்டிருந்தது. "நான் கணக்குல வரமாட்டேன். நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லலே. அந்த விரல் ஊதா மருந்து."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் விரலைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது என்னவென்று எனக்குப் புரியவில்லை. பயம் மாதிரி இருந்தது.

"அவகிட்ட சொல்லுங்க அங்கிள். எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?" என்று வெடுக்கென்று திரும்பி, "மார்க்கெட் இறங்கு! மார்க்கெட்!" என்று கத்தினான். மார்க்கெட் வர இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது.

மே 17, ஞாயிறு

ஆராதனைக்கு முன்னால் முத்தாலேயிடம் சொல்லிவிட வேண்டும் என்று சீக்கிரம் போனேன். அவள் வரும்போதே மணி அடித்துவிட்டது.

பிரசங்கம் நல்ல குடிமகனைப் பற்றி. பாஸ்டர் நடுவில் நிறுத்தி என் பக்கம் கையை நீட்டினார். "அங்கிள் சிக்காவைப் பாருங்க! மூணு தேர்தலும் கருத்த விரலோட எழும்பினவர். இப்படி அடக்கமா, சமாதானமா, யாரையும் எதுக்காம இருக்கவன்தான் குடிமகன்!" என்று சொல்லி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டல்தான் என்னைக் கெடுத்தது.

சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எங்கள் சபையில் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துக் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லலாம். வழக்கமாக வயிற்றுவலி சுகமானது, வேலை கிடைத்தது. நான் கீபோர்டை விட்டு எழுந்தேன். மைக்கை வாங்கினேன்.

"எனக்கு ஓட்டு கிடையாது," என்றேன். "நான் வெளிநாட்டுக்காரன். மூணு தடவையும் விரலில் பூசினது புண் மருந்து. நான் உங்களிடம் பொய் சொன்னேன்."

பிரிஸ்கா, நீ நம்ப மாட்டாய். கூரைத் தகடு அரை அடி மேலே எழும்பித் திரும்ப உட்கார்ந்தது. அப்போது பாடகர் வரிசையின் கடைசியில் ஒரு பேஸ் குரல்.

"நானும்."

ப்வெம்பியா நின்றான். கையில் ஓட்டு அட்டை. "எனக்கு அட்டை இருக்கு. ஒரு நாளும் போடல. பரலோகத்துக்குப் போறவனுக்கு இது எதுக்குன்னு இருந்துட்டேன். ஆனா விரலைக் காட்டாட்டா எல்லாரும் பாப்பாங்களேன்னு... பால்பாயிண்ட் மை. ரீஃபில்லை உடைச்சு ஊத்துவேன்." அட்டையைத் தூக்கிக் காட்டினான். "அங்கிளுக்கு இல்ல, அதனால நடிச்சாரு. எனக்கு இருக்கு, நான் ஒளிச்சு வச்சேன். எவன் பெரிய கள்ளன்?"

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். மூன்றாம் பெஞ்சில் ஒரு கிழவர் எழுந்தார்: செருப்புப் பாலிஷ். பெண்கள் பக்கம் ஒருத்தி: கத்தரிக்காய்த் தோல். அடுத்தவர் டயர் கரி. நூற்று நாற்பது பேர் எழுந்து நூற்று நாற்பது வகை மையை அறிக்கையிட்டார்கள். அதைத் தொகுத்தால் ஒரு சாயப் பட்டறை தொடங்கலாம். பாஸ்டர் பாட்டு நம்பர் சொல்ல வாயைத் திறந்து, நம்பர் மறந்து, வெறுமனே நின்றார்.

முத்தாலே மட்டும் அசையவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "எனக்குச் சொல்ல வேண்டியதை எங்கிட்ட சொல்லணும் அங்கிள். மைக்குல இல்ல."

"மூணு தடவை வந்தேன் பிள்ள."

"சுறா கதை சொன்னிய."

நோட்டை எடுத்து என் பெயரை அடித்தாள். ஒரே கோடு. ரொம்ப நேரான கோடு.

மே 18, திங்கள்

கபாசோவின் ஆட்கள் வந்து கீபோர்டை எடுத்துப்போனார்கள். ரிப்பேருக்காம். அது ரிப்பேராக இல்லை.

மே 19, செவ்வாய்

மனுத் தாக்கல் நடந்தது பள்ளிக்கூட மண்டபத்தில். மூன்று மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். உள்ளே வேட்பாளரும் கையெழுத்துப் போடுகிறவர்களும்தான் போகலாம். நான் வேலிக்கு வெளியே வெயிலில் நின்றேன். முத்தாலே என்னைப் பார்த்தாள், பேசவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் என் கையில் திணித்துவிட்டுப் போனாள், மாட்டி வைக்க ஒரு ஆணி கிடைத்த மாதிரி.

எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடையோடு. ப்வெம்பியாவைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேச்சுப் பேசியவன், கையெழுத்துப் போடுவேன் என்று மட்டும் சொல்லவில்லை. நூற்று நாற்பது பேரில் ஒருவரையும் காணோம். கபாசோ பதினொரு மணிக்கே முப்பது பேர், தாரை தப்பட்டையோடு வந்து போய்விட்டார்.

இரண்டு மணி. இரண்டரை. முத்தாலே வாசல்படியில் உட்கார்ந்து குதிகாலை ஊதிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கையில் நானிருந்த இடம் காலியாக இருந்தது. முப்பத்தாறு வருஷத்தில் இந்த ஊரில் எனக்கு வேறெந்த இடமும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. தண்ணீர்ப் பாட்டில் என் கையில் கொதித்தது.

இரண்டு ஐம்பதுக்கு ஒரு ஹாரன். மினிபஸ் தடம் மாறிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. ஜன்னல் வழியாகப் பயணிகள் கத்துகிறார்கள்: "ஏ கண்டக்டர், ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" "என் மீன் நாறுது!" ஓடுகிற வண்டியிலிருந்தே ப்வெம்பியா குதித்தான்.

"டிரைவர் ஒத்துக்கல. இரண்டு டிரிப் கெஞ்சினேன்," என்று மூச்சு வாங்கினான். பிறகு வண்டியைப் பார்த்து அந்தப் பேஸ் குரலில், "அஞ்சு நிமிஷம்! பரலோகம் எங்கயும் போயிடாது, ஆஸ்பத்திரியும் அங்கனதான் இருக்கும்!" என்றான்.

"எதுக்கு வந்த? இது சாக்கடையாச்சே," என்றாள் முத்தாலே.

"சிலுஃப்யா நின்ன எடம் காலியாக் கிடக்குல்லா," என்றான். "ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்துல நிக்கேன்."

அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்தார்கள். மனு ஏற்கப்பட்டது. பயணிகள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே.

அப்போதும் அவள் என்னோடு பேசவில்லை. பாட்டிலை வாங்கி மொத்தத் தண்ணீரையும் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலைத் திரும்ப என்னிடமே கொடுத்தாள்.

மே 30, சனி

நோட்டீஸ் இரண்டாயிரம் அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழைகூட இல்லை. அவள் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள். டோனர் தீர்ந்தது. கிருபையின் சாமந்தி பூத்திருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

காலை ஆறு மணிக்கே வரிசை. வெள்ளைக்காரன் காலத்து ரயில் பாதையைவிட நீளம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போய் நின்றேன். கதவு வரை அவர்களோடு நகர்ந்து போனேன். கதவில் இருந்த போலீஸ்காரர் அட்டை கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு மூணு மணி நேரம் நின்னிய?" என்றார். ஒதுங்கிக்கொண்டேன்.

ஜூன் 12, வெள்ளி

கபாசோ ஜெயித்தார். முத்தாலே ஒரே ஓட்டில் தோற்றாள். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 14, ஞாயிறு

பெருவிரல் ஞாயிறு. பாஸ்டர் இந்தத் தடவை கேட்க மாட்டார் என்று நினைத்தேன். கேட்டார். குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. கீபோர்டு இல்லாததால் என் கைகளுக்கு வேலை இல்லை. சபை எழுந்தது. போன தடவையைவிட விரல்கள் குறைவுதான், ஆனால் எல்லாம் ஒரே நிறம். ப்வெம்பியா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைக்கு மேலே பிடித்திருந்தான். நான் உட்கார்ந்திருந்தேன்.

முத்தாலே வரிசையை விட்டு இறங்கி நொண்டிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றாள்.

"கையைக் காட்டுங்க அங்கிள்."

நீட்டினேன். பெருவிரலைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, நகக்கண்ணைப் பார்த்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, தேர்தல் அதிகாரி மாதிரிச் சோதித்தாள்.

"சுத்தம்!" என்று அறிவித்தாள்.

அப்போது வந்த சிரிப்பில் பாஸ்டரும் சிரித்துவிட்டார், பாவம்.

வெளியே வந்ததும் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். குடியுரிமை விண்ணப்பம். பேய் நிறத்தில் இருந்தது. ஆள் அனுப்பி என் கடையிலேயே எடுத்த ஜெராக்ஸ்தான்.

"சாக்கடை இன்னும் அங்கனதான் ஓடுது. அடுத்த தடவையும் நிப்பேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க அங்கிள். ஒன்பது பேர் இருக்கோம்."

"பாஸ்போர்ட்டைக் கொடுக்கணுமே பிள்ள."

"யோசிங்க. ஆனா சுறா கதை சொல்லாதிய."

பிரிஸ்கா, சொன்னபடி நீ இதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம். முதலையும் ஆடும் என் புளுகு. கூரை எழும்பவில்லை. நூற்று நாற்பது பேர் எழும்பவில்லை. எழுந்தது ப்வெம்பியா ஒருவன்தான். ஒரு ஓட்டில் தோற்றாள் என்றதும் பொய், இருநூற்றுப் பன்னிரண்டு. தாள் மேசையில் கிடக்கிறது, நிரப்பினேனா இல்லையா என்று எழுதினால் அதையும் நீ நம்பப்போவதில்லை.

ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். சாயங்காலம் அந்த ஊதா மருந்துப் பாட்டிலை அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மே மாதம் வாங்கியது, மூடி திறக்காதது. இப்போது முத்தாலேயின் இரண்டு குதிகாலும் ஊதா.